இரண்டு தாமிரபரணிகளும் ஒரு காலத்தில் ஒரே ஆறா? மலை உயர்ந்தால் ஆறு என்ன செய்யும்?

நீங்கள் கேட்டது இதுதான்: குமரி மாவட்டத்துத் தாமிரபரணி மேற்கே ஓடித் தேங்காய்ப்பட்டினத்தில் அரபிக்கடலில் விழுகிறது, திருநெல்வேலித் தாமிரபரணி கிழக்கே ஓடிப் புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவில் விழுகிறது, பெயரும் ஒன்று, பிறக்கும் மலைத்தொடரும் ஒன்று, அப்படியானால் முன்பு ஒரே ஆறாக இருந்து, நடுவில் மலை எழும்பி அதை இரண்டாகப் பிளந்துவிட்டதா? ஒரு வீடியோவில் அப்படிச் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று இந்த இரண்டு ஆறுகளைப் பற்றியது. மற்றது பெரியது: நிலம் உயரும்போது ஆறு வழியை மாற்றிக்கொள்ளுமா, இல்லை உயர்கிற நிலத்தை அறுத்துக்கொண்டு பழைய வழியிலேயே போகுமா? முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். பிளந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை; நிலப்படமே அதற்கு எதிராக இருக்கிறது. இரண்டாவதுக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நான் நிலவியல் படித்து, அதையே பல வருடம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவன். மேல் கோதையாற்றிலிருந்து கடற்கரை வரை மாணவர்களோடு பாறை பார்த்து நடந்த பழக்கம் உண்டு. ஆனால் என் கை பழகியது பாறையில். ஆற்றுமணலை வைத்து அரிப்பின் வேகத்தைக் கணிக்கிற ஆய்வகத்தில் நான் வேலை செய்ததில்லை; அளந்தவர்களின் முடிவுகளை வாசித்துத்தான் அந்த எண்களைச் சொல்கிறேன். எது உறுதி, எது ஊகம் என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நிலப்படத்தை முடித்துவிடுவோம். திருநெல்வேலித் தாமிரபரணி பொதிகையில், அகத்தியமலைப் பக்கம் பிறக்கிறது. அந்த மலைக்கு மறுபக்கம் மேற்கே இறங்குபவை நெய்யாறும் கரமனையாறும். இரண்டும் திருவனந்தபுரம் பக்கத்து ஆறுகள். நம் கோதையாறு பிறப்பது அதற்குத் தெற்கே, முத்துக்குழிவயல் பக்கம். கோதையாற்றுக்கு முதுகோடு முதுகாக மறுபக்கம் இறங்குவது தாமிரபரணியின் கிளையான மணிமுத்தாறு. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி வழியாக மேல் கோதையாறு போனவர்களுக்கு இது தெரியும். இன்னும் தெற்கே போனால் பச்சையாறு, நம்பியாறு. குமரித் தாமிரபரணி என்பதே கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் சேர்ந்த பிறகு வருகிற பெயர். ஆக, இரண்டு தாமிரபரணிகளின் மூல ஓடைகளும் நேருக்கு நேர் நிற்கவில்லை. ஒரே ஆறு நடுவில் அறுபட்டிருந்தால் அறுபட்ட இரண்டு முனைகளும் எதிரெதிரே இருக்க வேண்டும், நடுவில் பழைய பள்ளத்தாக்கின் மிச்சமாக ஒரு தாழ்ந்த கணவாயாவது தெரிய வேண்டும். இங்கே இருப்பதோ ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட முகடு. தவிர, ஒரு ஆறு ஒரே நேரத்தில் கிழக்கும் மேற்கும் ஓடியிருக்க முடியாது. ஏதோ ஒரு பக்கம்தான் ஓடியிருக்கும். எந்தப் பக்கம் என்று இப்படிப்பட்ட வீடியோக்கள் சொல்வதே இல்லை. பெயர் ஒற்றுமையை நிலவியல் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பெரிய கேள்வி. ஆறு ஓடும் வழியில் குறுக்கே நிலம் எழும்பினால் நடப்பது ஒரு போட்டி. ஒரு பக்கம் நிலம் எழும்பும் வேகம், மறுபக்கம் ஆறு பாறையை அறுக்கும் வேகம். அறுக்கும் வலு இரண்டைப் பொறுத்தது: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சரிவு. தண்ணீர் அதிகமாக இருக்கிற பெரிய ஆறு பெரும்பாலும் ஜெயிக்கும். சிற்றாறு தோற்றுத் தேங்கி, பக்கவாட்டில் வழி தேடும். சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா மூன்றும் இமயத்துக்கு வடக்கே, கயிலாய மலைப் பகுதியில் பிறந்து, உலகத்தின் மிக உயரமான மலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கே வருவதைப் பாருங்கள். மலை எழும்பும் முன்பே அவை ஓடிக்கொண்டிருந்தன, மலை எழ எழ அறுத்துக்கொண்டே இருந்தன என்பதுதான் வழக்கமான விளக்கம். மலையின் தெற்குச் சரிவில் இருந்த ஆறுகள் பின்னோக்கி அரித்து வந்து வடக்கே இருந்த ஆறுகளைப் பறித்துக்கொண்டன என்று சில இடங்களுக்கு வேறு விளக்கமும் உண்டு. அது இன்னும் தீராத விவாதம். ஆனால் இமயம் போன்ற இடத்தில்கூட, மலை எழுந்தது என்பதாலேயே ஆறு பிளந்துவிடவில்லை என்பது மட்டும் தெளிவு. அங்கே நிலம் எழும்புவது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். நம் மலையின் வேகம் அதன் பக்கத்திலேயே வராது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பலரும் தவறவிடும் விஷயம் இனிமேல்தான் வருகிறது. ஒரு பிரதேசம் முழுவதும் கடலிலிருந்து பார்க்க 100 மீட்டர் உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலை உச்சியில் இருக்கும் ஓடைக்கு அந்தச் செய்தியே தெரியாது. அதன் மேலேயும் கீழேயும் இருக்கும் நிலமும் அதே அளவு உயர்ந்திருப்பதால் அதன் சரிவு மாறவில்லை. நேற்று ஓடியபடியே இன்றும் ஓடும். மாற்றம் தெரிவது கடலோரத்தில். அங்கேதான் ஆறு திடீரென்று ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. அந்தப் படியை ஆறு அறுக்கும், படி கொஞ்சம் பின்னால் நகரும், மறுபடி அறுக்கும். இப்படியே சரிவு உடையும் அந்த இடம் கடலிலிருந்து மலையை நோக்கி ஏறிப் போகும். அது கடந்த பிறகு பள்ளத்தாக்கு ஆழமாகிவிடும், கிளை ஓடைகளின் வாயிலும் அதே படி உருவாகி அவற்றிலும் ஏறும். நிலம் உயர்ந்ததை ஆற்று வலைப்பின்னல் முழுவதும் அறிந்துகொள்வது இப்படிக் கீழிருந்து மேலாகத்தான். நிலம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கதை வேறு. சாய்வு எல்லா ஓடைகளின் சரிவையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடும், சமவெளி ஆறுகள் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். ஆனால் கெட்டிப் பாறை மலைநாட்டில் முக்கியமானது அந்த ஏறும் படிதான்.

அந்தப் படி எவ்வளவு வேகமாக ஏறும்? கழிமுகத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் அதிகம் என்பதால் வேகமாகவும், மேலே போகப் போக மெதுவாகவும் ஏறும். குமரித் தாமிரபரணியின் நீளம் சுமார் 60 கி.மீ. ஆண்டுக்குச் சராசரியாக 1 சென்டிமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் மேலே போய்ச் சேர 60 லட்சம் ஆண்டுகள். 1 மில்லிமீட்டர் என்றால் 6 கோடி ஆண்டுகள். இது நம் ஆற்றில் யாரும் அளந்த வேகம் கிடையாது, வெறும் வகுத்தல் கணக்கு. ஆனாலும் ஒரு விஷயம் புரியும்: கெட்டிப் பாறையில் ஓடும் ஆறுகள் பல லட்சம், சில கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததற்கு இன்றைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம். இன்று நாம் காணும் ஆற்றின் வடிவம் இன்றைய நிலத்துக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கோதையாற்றையே பாருங்கள். மேல் கோதையாறு, முத்துக்குழிவயல் பகுதியில் நிலம் ஏறக்குறைய சாந்தமாக இருக்கிறது: மெல்லிய சரிவு, புல்வெளி, அங்கங்கே சோலை, அவசரமில்லாத ஓடைகள். அங்கிருந்து கீழ் கோதையாற்றுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஒரேயடியாக வீழ்ச்சி. மின்வாரியம் மேலே தண்ணீரைத் தேக்கிக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுப்பது இந்த வீழ்ச்சியை நம்பித்தான். அப்புறம் பேச்சிப்பாறை அணைக்குக் கீழே மறுபடி சாந்தம். மேலே மென்மை, நடுவில் செங்குத்து, கீழே மென்மை என்ற இந்த அமைப்பை இரண்டு விதமாக வாசிக்கலாம். மேலே இருப்பது மலை உயரும் முன்பிருந்த பழைய தாழ்நிலத்தின் மிச்சம், ஏறி வரும் படி அதை இன்னும் எட்டவில்லை என்பது ஒரு வாசிப்பு. பக்கத்து ஆறுகள் அந்த மேட்டில் மழைநீர் சேரும் பரப்பை ஓரங்களில் கடித்துக் கடித்து எடுத்துக்கொண்டதால் மிஞ்சிய ஓடைகளுக்கு அறுக்கத் தண்ணீர் போதவில்லை, அதனால்தான் அங்கே நிலம் சமதளமாகத் தங்கிவிட்டது என்பது இன்னொரு வாசிப்பு. என் சாய்வு முதல் வாசிப்பின் பக்கம், ஆனால் பந்தயம் கட்டமாட்டேன். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துவிட முடியாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அருவியைக் கண்டதும் ‘நிலம் உயர்ந்திருக்கிறது’ என்று எழுதிவிடுபவர்கள் நிறையப் பேர். திற்பரப்பும் கோதையாற்றில் இருக்கிற ஒரு படிதான். ஆனால் அருவிக்கு மேலே ஆறு அகலமான பாறைத்தளத்தில் ஓடி வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கெட்டியான பாறை குறுக்கே கிடந்தாலே ஒரு படி உருவாகிவிடும். அதற்கு நிலம் உயரத் தேவையில்லை. இப்படிச் சின்னச் சின்ன அருவிகளில் பெரும்பாலானவை பாறையின் வேலை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்; வேறு காரணம் சொல்பவர் ஆதாரம் தரட்டும்.

சரி, நம் மலை எப்போது உயர்ந்தது? இதில் உறுதியான பகுதி வெகு பழையது. மாவட்டத்தின் அடிப்பாறைகளான சார்னோகைட்டும் கோண்டலைட்டும் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் ஏறத்தாழ 20 கி.மீ. ஆழத்தில் வெந்து உருமாறியவை. அவை இன்று முட்டத்தில் கடலோரப் பாறையாகவும் ஊருக்கு ஊர் பொத்தை என்கிற பாறைக்குன்றாகவும் வெளியே நிற்கின்றன என்றால், மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் அரித்துப் போய்விட்டது என்று அர்த்தம். மணவாளக்குறிச்சிக் கருமணல் அந்த அரிப்பின் மிச்சம்தான். இல்மனைட், மோனசைட், சிர்க்கான், கார்னெட் ஆகிய கனிமங்கள் எல்லாம் இந்தப் பாறைகளிலிருந்து கழன்று, ஆற்றில் வந்து, அலையில் புடைக்கப்பட்டுக் கரையில் தங்கியவை. மோனசைட்டை அங்கே ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் கண்டறிந்தார். ஆனால் அந்த 20 கி.மீ. அரிப்பில் மிகப் பெரும்பகுதி, இன்றைய ஆறுகள் எதுவும் இல்லாத காலத்தில் நடந்து முடிந்தது. அதை வைத்து இன்றைய மலையின் வயதைச் சொல்ல முடியாது.

இன்றைய மலையின் கதை கண்டம் உடைந்ததில் தொடங்குகிறது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் நம் மேற்குக் கரையிலிருந்து பிரிந்தது. பிறகு 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், தக்காண எரிமலைக் குழம்பு வடக்கே பரவிய காலத்தை ஒட்டி, செஷல்ஸ் பிரிந்தது. கண்டம் உடையும்போது உடைந்த விளிம்பு உயர்வது பல இடங்களில் காணும் வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை அப்படி உயர்ந்த விளிம்பின் மிச்சமா, அது அன்றிலிருந்து கிழக்கே பின்வாங்கிக்கொண்டே வருகிறதா, இடையில் பிற்காலத்தில் மறுபடி ஒரு எழுச்சி நடந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருக்கும் மலைகளை வடக்கே இருப்பவற்றோடு ஒரே கதையில் அடக்கலாமா என்பதிலேயே எனக்குத் தயக்கம் உண்டு.

‘உயர்ச்சி’ என்றால் நிலத்தட்டுகள் மோதி முட்டித் தள்ளுவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். குளச்சல் துறையில் மீனை இறக்க இறக்க வள்ளம் தண்ணீரில் மேலே எழும்புமே, பூமியின் மேலோடும் அப்படித்தான் கனமான அடிப்பாறையின் மேல் மிதக்கிறது. மேலோட்டுப் பாறையின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 2.7 மடங்கு, அடியில் இருப்பதன் அடர்த்தி சுமார் 3.3 மடங்கு. ஒரு பெரிய பரப்பிலிருந்து சராசரியாக 100 மீட்டர் பாறையை ஆறுகள் அரித்துக் கொண்டுபோனால், பாரம் குறைந்த நிலம் ஏறத்தாழ 80 மீட்டர் திரும்ப எழும்பும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆறுகள் பள்ளத்தாக்குகளை மட்டும் ஆழமாக்கி உச்சிகளைத் தொடாமல் விட்டால், சராசரி உயரம் குறையும்போதே உச்சிகள் உயரலாம். மகேந்திரகிரி, அகத்தியமலை போன்ற பழைய மலைகள் இன்னும் ஆயிரத்து அறுநூறு, ஆயிரத்து எண்ணூறு மீட்டருக்கு மேல் நிற்பதற்கு இந்தத் திரும்ப எழுதலுக்கும் ஒரு பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்பதில்தான் சண்டை. ஆக, உயர்ச்சி ஆற்றை வடிவமைக்கிறது என்பதோடு ஆறும் உயர்ச்சியை உண்டாக்குகிறது. எது முதலில் என்று கேட்டால் நேர்க்கோட்டில் பதில் வராது.

வேகத்தைச் சொல்கிறேன் என்றேனே. விண்வெளிக் கதிர் தரையில் இருக்கும் குவார்ட்ஸ் மணியில் பட்டால் பெரிலியம்-10 என்ற அணு மிகச் சிறிதளவு உண்டாகும். மணி மேற்பரப்பில் எவ்வளவு நேரம் கிடந்ததோ அவ்வளவு சேரும். ஆற்றுமணலில் அதை அளந்தால் மேலே நிலம் எவ்வளவு வேகமாக அரிகிறது என்று கணிக்கலாம். தென்னிந்தியாவில் இப்படி அளந்தவர்களுக்குக் கிடைத்தது: உயரமான சமதளப் பகுதிகளில் பத்து லட்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 மீட்டர், மேற்குச் சரிவுகளில் அதைப்போல் சில மடங்கு. இலங்கையின் மத்திய மலைநாட்டில் காடு அழிக்கப்படாத இடங்களில் இயற்கை அரிப்பு பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரைதான். அங்கே மழைக்குக் குறைவில்லை, சரிவுக்கும் குறைவில்லை, இருந்தும் இவ்வளவுதான். மழை பெய்தால் மலை கரைந்துவிடும் என்ற நினைப்புக்கு இது நல்ல மறுப்பு. வெப்பமண்டலத்தில் பாறை அரிபடுவதற்கு முன்பே மக்கிச் செம்மண்ணாகிவிடுகிறது, ஆற்றுக்குக் கிடைப்பது பொடி. பாறையை அறுக்க ஆற்றுக்கு உருட்டுக்கல் வேண்டும். இமயத்தில் இதே கணக்கு பத்து லட்சம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான மீட்டர்.

அடுத்தது நீர்பிரிமுகடு, அதாவது பெய்யும் மழை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரிகிற கோடு. அது நிலையானது இல்லை. இரண்டு பக்கச் சரிவும் ஒன்றாக இல்லாவிட்டால் செங்குத்தான பக்கம் வேகமாக அரியும், முகடு சாய்வு குறைந்த பக்கமாக நகரும். கில்பர்ட் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1877-லேயே இதை எழுதிவிட்டார். கர்நாடகத்தில் இது கண்ணுக்கே தெரியும்: மேற்கே கடலை நோக்கி மதில் மாதிரிச் சரிவு, கிழக்கே மைசூர்ப் பீடபூமி. அதனால் மேற்கத்திய சிற்றாறுகள் கிருஷ்ணா, காவிரி மூலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கின்றன. பாடப்புத்தகத்தில் இதைப் படித்துவிட்டு அப்படியே குமரிக்குக் கொண்டுவருவதுதான் பிழை. இங்கே மலைக்குக் கிழக்கே பீடபூமி கிடையாது. களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கம் மலை செங்குத்தாக இறங்கித் தாழ்ந்த சமவெளியில் முடிகிறது. இரண்டு பக்கமும் மதில். கடலுக்குத் தூரம் மேற்கே குறைவு, தென்மேற்குப் பருவமழையும் அந்தப் பக்கம் அதிகம். கிழக்கே வடகிழக்குப் பருவமழை. எனவே முத்துக்குழிவயல், காக்காச்சி மேட்டை இருபக்கமும் சேர்ந்து தின்கின்றன என்பதுதான் பொருத்தமான படம். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று என்னிடம் கேட்டால் மேற்கு என்பேன், கொஞ்சம்தான்.

முகடு நகர்ந்துகொண்டே போய் ஒரு நாள் பக்கத்து ஆற்றின் படுக்கையைத் தொட்டுவிட்டால், அந்த ஆற்றின் மேல்பகுதித் தண்ணீர் முழுவதும் இந்தப் பக்கம் திரும்பிவிடும். ஆற்றை ஆறு பறிப்பது என்பது இதுதான். மலை எழுந்து ஆற்றைப் பிளப்பதைவிட இதுதான் உலகத்தில் அதிகம் நடப்பது. நம் மாவட்டத்தில் மனிதர்களே செய்த ஒன்று இருக்கிறது. பெருஞ்சாணி அணைக்குக் கீழே பரளியாற்றில் பாண்டியன் அணை; அதிலிருந்து பாண்டியன் கால் என்ற கால்வாய், பாறையை வெட்டிக்கொண்டு போய்ப் பரளியாற்றுத் தண்ணீரை நாஞ்சில் நாட்டில் ஓடும் பழையாற்றுப் பக்கம் சேர்க்கிறது. பாண்டியர் காலத்தது என்று பெயரே சொல்கிறது. 1906-இல் பேச்சிப்பாறை அணை முடிந்த பிறகு கோதையாற்றுத் தண்ணீரும் சானல்களில் ஏறி நாஞ்சில் நாட்டுக்கு வந்தது, தோவாளை சானல் வழியாக ராதாபுரம் வரைக்கும் போனது. நான் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கருவிகளோடு வெட்டித் திருப்ப முடிந்தது என்றால், பரளியாற்றுக்கும் பழையாற்றுக்கும் நடுவில் இருக்கும் மேடு அவ்வளவு தாழ்வானது. இயற்கையில் அடுத்த பறிப்பு எங்கே நடக்கும் என்று தேடினால் இத்தகைய இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். பழையாறு அதன் நீர்வரத்துக்குக் கொஞ்சம் பெரிய சமவெளியில் ஓடுகிறதே, முன்பு பரளியாறு அந்தப் பக்கம் போயிருக்குமோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. இது ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மணல் படிவுகளைத் துளையிட்டுப் பார்த்தால்தான் அது நிற்குமா விழுமா என்று தெரியும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பற்றியும் இதே போல் ஆசை வரும்: மலை அறுபட்டிருக்கிறது, அப்படியானால் ஒரு ஆறு அறுத்திருக்க வேண்டும் என்று. இன்று அங்கே முப்பந்தல் காற்றாலைகளுக்குத்தான் வேலை. ஆறு கைவிட்ட கணவாய் என்றால் உருண்டு தேய்ந்த கூழாங்கல் படிவு வேண்டும், அந்தக் கல் தொலைவில் இருக்கும் ஒரு பாறைவகையிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். பழைய விரிசல்களால் பலவீனமான பாறை தானாக மக்கித் தாழ்ந்தாலும் கணவாய் உண்டாகும். வடக்கே அச்சன்கோவில் ஆறு நேர்க்கோட்டில் ஓடுவதைப் பாருங்கள். 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய ஒரு நொறுங்கு மண்டலத்தை, அதாவது பாறை நகர்ந்து நொறுங்கிய நீண்ட பட்டையை, அது பிடித்துக்கொண்டு போகிறது. அந்த மண்டலம் இன்று நகரவில்லை. ஆனால் எங்கே ஓடலாம் என்பதை இன்றும் அதுதான் முடிவு செய்கிறது.

கடல்மட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. ஆற்றுக்கு நிலம் உயர்வதும் கடல் தாழ்வதும் ஒன்றுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. குமரிமுனைக்குத் தெற்கே நம் மீனவர்கள் போகும் வாட்ஜ் பேங்க் என்ற கடலடித் திட்டின் மேடான பகுதிகள் அப்போது தரையாக இருந்திருக்கும், நம் ஆறுகளும் அதன்மேல் நீண்டு ஓடியிருக்கும். பிறகு கடல் ஏறியபோது அந்த வாய்கள் மூழ்கின. மணக்குடிக் காயலும் தேங்காய்ப்பட்டினம் பொழிமுகமும் அப்படி நிறைந்தவை. குமரிக்கண்டம் என்று யாராவது உடனே பின்னூட்டம் போடுவீர்கள் என்று தெரியும். கரையை ஒட்டிய நிலம் மூழ்கியது உண்மை. தெற்கே ஒரு கண்டம் மூழ்கியது என்பதற்குக் கடலடிப் பாறை இடம் கொடுக்கவில்லை. அதே மாதிரி, கரையில் அலைக்கு மேலே சில மீட்டரில் சிப்பி கலந்த பாறையைக் கண்டதும் நிலம் உயர்ந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் கடலே இன்றைவிடச் சில மீட்டர் மேலே இருந்தது.

நீங்களே பார்க்க விரும்பினால் கருவி இலவசம். 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களில் கிடைக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் ஏற்றி, கோதையாறு, பரளியாறு, மணிமுத்தாறு மூன்றுக்கும் கடலிலிருந்து தூரம் ஒரு பக்கம், உயரம் ஒரு பக்கம் என்று வரைந்து பாருங்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, மணிமுத்தாறு நீர்த்தேக்கங்கள் படத்தில் தட்டையான படிகளாகவும் அணைச்சுவர்கள் செங்குத்து முறிவாகவும் வரும்; மாணவர்கள் வருடாவருடம் அதை நில எழுச்சி என்று குறித்துக்கொண்டு வருவார்கள். மேல் கோதையாற்றிலும் அணைகள் உண்டு, அவற்றையும் நீக்குங்கள். மிஞ்சுகிற முறிவுகளைப் பாறை வரைபடத்தின் மேல் வையுங்கள். பாறை மாறும் கோட்டில் விழுபவை பாறையின் வேலை. பாறைக்குச் சம்பந்தமில்லாமல், வெவ்வேறு ஆறுகளிலும் கிளை ஓடைகளிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் முறிவுகள் வந்தால், அவை கடல் பக்கமிருந்து ஏறி வந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.